எந்த ஆண்டு என்று கேட்பார்கள், யாருக்கு என்று கேட்கமாட்டார்கள்!

தமிழ்நாட்டில் இன்று லட்சக்கணக்கான வாலிபர்கள் பொருளாதாரம் படிக்கிறார்கள். ஊர்ப் படிப்பகத்திலும், கிளை நூலகத்திலும், வேலை முடிந்து வந்து வீட்டுத் திண்ணையிலும் படிக்கிறார்கள். சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்காகப் படிக்கிறார்கள். 2022ம் ஆண்டு ஜூலையில் நடந்த குரூப் 4 பரீட்சைக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. மனுப் போட்டவர்கள் சுமார் 22 லட்சம் பேர். ஓர் இடத்துக்கு முந்நூறு பேர்! 2024ல் இடங்கள் 6,244. மனுக்கள் சுமார் 20 லட்சம். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் ஆகிய உத்தியோகங்களுக்குத்தான் இந்தக் கூட்டம். பட்டம் பெற்றவர்களும், என்ஜினீயரிங் முடித்தவர்களும் பத்தாம் வகுப்புத் தகுதிக்கான வரிசையில் நிற்கிறார்கள்.

இவர்களுக்குக் கைடுகள் சொல்லிக் கொடுக்கும் பொருளாதாரம் எப்படிப்பட்டது? பார்ப்போம்.

சமூக அபிவிருத்தித் திட்டம் – 1952 அக்டோபர் 2. பல்வந்த்ராய் மேத்தா கமிட்டி – 1957. வங்கிகள் தேசியமயம் – 1969 ஜூலை 19, பதினான்கு வங்கிகள். ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் – 1980 அக்டோபர் 2 முதல் எல்லா வட்டாரங்களிலும். ஜவஹர் வேலைவாய்ப்புத் திட்டம் – 1989. ஜன்தன் – 2014 ஆகஸ்ட் 28. நிதி ஆயோக் – 2015 ஜனவரி 1. இப்படிப் பக்கம் பக்கமாகப் போகிறது. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பெயர், ஒரு தேதி, தொடங்கி வைத்த பிரதமர் ஒருவர். பிறகு அடுத்த திட்டம்.

ஒரு திட்டம் இருக்கும்போதே இன்னொன்று ஏன் வந்தது? முதல் திட்டம் வெற்றி பெற்றிருந்தால் இரண்டாவது எதற்கு? தோற்றிருந்தால் யாரால் தோற்றது? பணம் எவ்வளவு ஒதுக்கினார்கள், யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது? கைடும் கேட்காது, வினாத்தாளும் கேட்காது. சம்பந்தி வீட்டு விருந்தில் பந்தி தொடங்கிய நேரத்தை மட்டும் குறித்துக் கொண்டு, யார் சாப்பிட்டார்கள், யார் பசியோடு எழுந்து போனார்கள் என்பதை விட்டுவிடுவது போன்ற கல்வி இது.

இதற்காக வாலிபர்களை நாம் குறை சொல்லவில்லை. ஒரு மார்க்கில் வாழ்க்கை போய்விடும் என்கிற நிலையில் இருப்பவன் கேட்டதைத்தான் படிப்பான். நமது புகார் இப்படிக் கேட்பவர்கள் மீது.

“பரீட்சை என்றால் நிச்சயமான விடை வேண்டும்; நாலு விடையில் ஒன்றைத்தானே கேட்க முடியும்? அரசியல் அபிப்பிராயத்தைக் கேட்க முடியுமா?” என்று சில அறிவாளிகள் சமாதானம் சொல்கிறார்கள். நாமும் அபிப்பிராயத்தைக் கேட்கச் சொல்லவில்லை. பல்வந்த்ராய் மேத்தா கமிட்டி மூன்றடுக்குப் பஞ்சாயத்தைச் சிபாரிசு செய்தது என்பது நிச்சயமான விடை என்றால், ஜனங்களின் முயற்சியையும் பங்கேற்பையும் எழுப்ப அபிவிருத்தித் திட்டம் தவறிவிட்டது என்று அதே கமிட்டி சொன்னதும் நிச்சயமான விடைதானே? மருந்தின் பெயர் மார்க்குக்கு வரும். நோயின் பெயர் மட்டும் வராதா?

இன்னொரு உதாரணம். தண்டேகர், ரத் என்ற இருவர் 1971ல் இந்தியாவின் வறுமையைப் பற்றி எழுதினார்கள் என்று கைடில் ஒரு வரி இருக்கும். அதே நீலகண்ட ரத், 1985ல், கறவை மாட்டையும் கடனையும் கொடுத்து வறுமையை ஒழிக்க முடியுமா என்று ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தையே கேள்வி கேட்டுக் கட்டுரை எழுதினார். அந்த வரி கைடில் இல்லை. நிலம் இல்லாதவனிடம் மாட்டைக் கொடுத்தால் அதற்குத் தீனி எங்கிருந்து வரும்? தமிழ்நாட்டில் நில உச்சவரம்பு 1961ல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970ல் 15 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று இதே கைடில் வேறொரு பக்கத்தில் இருக்கிறது. இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் படிக்கச் சொல்பவர் யாரும் இல்லை.

தொண்ணூற்றொன்பது பேரும் ஒருவரும்

நாம் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். பெரிய பொருளாதார சாஸ்திரம் நமக்குத் தெரியாது. கூட்டல், வகுத்தல் தெரியும். கைடில் முதல் அத்தியாயத்தில் வரும் தலா வருமானத்துக்கு அது போதும்.

ஒரு கிராமத்தில் நூறு பேர் என்று வைத்துக் கொள்ளுங்கள். 99 பேர் கூலிக்காரர்கள். ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய். மீதி ஒருவர் மிராசுதார். ரைஸ் மில்லும் வைத்திருக்கிறார். மாதம் 5 லட்சம். மொத்தம் 9 லட்சத்து 95 ஆயிரம். நூறால் வகுத்தால் தலா வருமானம் 9,950 ரூபாய். அந்த ஊரில் 9,950 ரூபாய் சம்பாதிக்கிறவன் ஒருவன்கூட இல்லை! அடுத்த வருஷம் மில்காரர் வருமானம் மட்டும் 10 லட்சமாகிறது. மற்றவர்களுக்கு ஒரு காசு கூடவில்லை. இப்போது தலா வருமானம் 14,950. ஊர் ஒரே வருஷத்தில் 50 சதவீதம் வளர்ந்துவிட்டது என்று மந்திரி வந்து மாலை போட்டுக் கொள்ளலாம்.

இது நாம் இட்டுக்கட்டிய சந்தேகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டு ஐந்தாண்டுத் திட்டங்கள் முடியும் தறுவாயில், தேசத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த வருமானம் எங்கே போயிற்று என்ற கேள்வியை 1960ல் பார்லிமெண்டில் ஜவஹர்லால் நேருவே எழுப்பினார். அதற்காக மஹலநோபிஸ் தலைமையில் கமிட்டி போடப்பட்டது. 1964ல் ஏகபோக விசாரணைக் கமிஷன் வந்தது; 1969ல் ஏகபோகத் தடைச் சட்டம் வந்தது. செல்வம் சிலர் கையில் குவியக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 39வது ஷரத்து சொல்கிறது. பிறகு அந்த ஏகபோகத் தடைச் சட்டமே எடுக்கப்பட்டு, அதன் இடத்தில் 2002ம் ஆண்டின் போட்டிச் சட்டம் வைக்கப்பட்டது. கைடில் இரண்டு சட்டங்களின் ஆண்டும் இருக்கிறது. குவிவதைத் தடுக்க ஒரு சட்டம் இருந்தது, அது எடுக்கப்பட்டது என்ற கதை மட்டும் இல்லை.

வரி விஷயமும் இப்படித்தான். நேர்முக வரி வசதி படைத்தவன் மீது அதிகமாக விழும், மறைமுக வரி ஏழை மீது பாரமாக விழும் என்று கைடு சரியாகவே சொல்கிறது. அதோடு நின்றுவிடுகிறது. இறந்தவர் விட்டுப்போன சொத்துக்கு 1953ல் கொண்டுவரப்பட்ட எஸ்டேட் வரி 1985ல் எடுக்கப்பட்டது. 1957ல் வந்த செல்வ வரி 2015 பட்ஜெட்டில் ஒழிக்கப்பட்டது. 2019 செப்டம்பரில், சலுகைகள் கோராத கம்பெனிகளின் லாப வரி 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2023 மார்ச்சுக்குள் உற்பத்தி தொடங்கும் புதிய தொழில் கம்பெனிகளுக்கு அடிப்படை வீதம் 15 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. இதனால் வருஷத்துக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று சர்க்காரே கணக்குச் சொன்னது. பெரிய கோச்சிங் சென்டரில் பணம் கட்டிச் சேரும் வேலையில்லாத வாலிபன் அந்தக் கட்டணத்தின் மீது 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டுகிறான். சம்பாத்தியமே இல்லாதவனுக்கு 18. லாபம் சம்பாதிக்கும் புதுக் கம்பெனிக்கு 15. நேர்முக வரிக்கும் மறைமுக வரிக்கும் இதைவிட நல்ல உதாரணத்தை எந்தக் கைடு போட முடியும்?

பேனாவால் ஒழிந்த வறுமை

வறுமைக்கோடு என்ற அத்தியாயத்தில்தான் நமக்குக் கோபம் அதிகம் வருகிறது. இங்கே கைடில் இருக்கும் எண்களே போதும். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

2011 செப்டம்பரில் திட்டக் கமிஷன் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்தது. நகரத்தில் ஒரு ஆள் ஒரு நாளைக்கு 32 ரூபாயும், கிராமத்தில் 26 ரூபாயும் செலவு செய்ய முடிந்தால் அவர் வறுமைக்கோட்டுக்கு மேலே என்றது. சாப்பாடு, துணி, வைத்தியம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்த 26 ரூபாய்க்குள்! நாடே காறித் துப்பியது. அந்தத் தொகையை நிர்ணயித்தவர்கள் ஒரு வாரம் அதில் வாழ்ந்து காட்டத் தயாரா என்று ஜனங்கள் கேட்டார்கள். பதில் இல்லை.

பிறகு என்ன ஆயிற்று? 2011–12ம் ஆண்டுக்கு டெண்டுல்கர் முறைப்படி கிராமக் கோடு மாதம் 816 ரூபாய், நகரக் கோடு 1,000 ரூபாய். அதன்படி ஏழைகள் 21.9 சதவீதம், சுமார் 27 கோடிப் பேர். ரங்கராஜன் கமிட்டி 2014ல் அதே ஆண்டுக்குக் கிராமக் கோட்டை 972 என்றும் நகரக் கோட்டை 1,407 என்றும் போட்டது. இப்போது ஏழைகள் 29.5 சதவீதம், 36 கோடிக்கும் மேல். கிராமத்தில் வித்தியாசம் ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய். நகரத்தில் பதின்மூன்று, பதினான்கு ரூபாய். ஒரு டீயும் ஒரு வடையும்! அந்த டீக் காசில் 9 கோடி இந்தியர்கள் கோட்டுக்கு மேலே ஏறவும் முடியும், கீழே இறங்கவும் முடியும். அவர்கள் வீட்டு அடுப்பில் எந்த மாற்றமும் இல்லை.

“டெண்டுல்கர் – 21.9, ரங்கராஜன் – 29.5. பொருத்துக.” இதுதான் வினா.

ரங்கராஜன் கமிட்டிக்குப் பிறகு அந்தத் தொல்லையும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. 2017–18ல் எடுக்கப்பட்ட குடும்பச் செலவு ஆய்வின் அறிக்கையை, தரம் சரியில்லை என்று சொல்லி, 2019 நவம்பரில் சர்க்கார் வெளியிட மறுத்தது. வேலையில்லாதோர் 6.1 சதவீதம் என்று சொன்ன ஆய்வு, தேர்தல் முடிந்து 2019 மே கடைசியில்தான் வெளிவந்தது. அது தாமதமாவதைக் கண்டு தேசியப் புள்ளிவிவரக் கமிஷனின் இரண்டு உறுப்பினர்கள் அந்த ஜனவரியிலேயே ராஜினாமா செய்தார்கள். 2021ல் நடக்க வேண்டிய ஜனத்தொகைக் கணக்கெடுப்பு அந்த ஆண்டு நடக்கவே இல்லை. அதற்குப் பதில் ‘பன்முக வறுமைக் குறியீடு’ என்று ஒன்று வந்தது. பன்னிரண்டு அம்சங்கள். அதில் ஒன்று, வீட்டில் யாருக்காவது வங்கிக் கணக்கு இருக்கிறதா என்பது. கணக்கில் பணம் இருக்கிறதா என்பது அல்ல! பன்னிரண்டில் கூலி இல்லை, வருமானம் இல்லை. குடிதண்ணீர், கக்கூஸ், மின்சாரம் ஆகியவை எல்லாம் வேண்டியவைதான்; அவற்றை எண்ணுவது தவறு என்று நாம் சொல்லமாட்டோம். கூலியை எண்ணாமல் வறுமையை எண்ணிவிட்டோம் என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது.

வேலையில்லாத் திண்டாட்டத்தின் கணக்கையும் பாருங்கள். வார நிலைக் கணக்கின்படி, அந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் அவன் வேலையுள்ளவன். அப்பாவின் பெட்டிக்கடையில் சம்பளமில்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் வேலையுள்ளவன்தான். காலையில் கடையில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு, மாலையில் நூலகத்தில் ‘மறைமுக வேலையின்மை என்றால் என்ன’ என்று மனப்பாடம் செய்கிற வாலிபன், சர்க்கார் கணக்கில் வேலையில் இருப்பவன்! முந்நூறு பேரில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் இப்படித்தான் கணக்கிலிருந்து மறைகிறார்கள் என்று சொன்னால் அது மிகையாகலாம். எத்தனை பேர் என்று சரியாகச் சொல்ல வேண்டியவர்கள் சர்க்கார்தானே?

நூறு நாள் வேலை

இனி, எல்லாக் கைடிலும் கட்டம் போட்டு அச்சடிக்கும் திட்டத்துக்கு வருவோம். “தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் – 2005. தொடங்கிய நாள் 2006 பிப்ரவரி 2. இடம் ஆந்திராவில் அனந்தப்பூர் மாவட்டம். காந்தி பெயர் சூட்டியது 2009 அக்டோபர் 2.” நாலு மார்க்குக்கு நாலு விடை.

இந்தச் சட்டம் யாராவது ஒரு பிரதமர் மனமிரங்கிக் கொடுத்த தானமா? 1970களின் தொடக்கத்தில் மகாராஷ்டிரத்தைக் கடும் வறட்சி வாட்டியது. வேலை கொடு, கூலி கொடு என்று கிராமப்புற உழைப்பாளிகள் எழுந்தார்கள். வேலை உறுதித் திட்டம் அங்கேதான் பிறந்தது. 1977ல் அது சட்டமாகவும் ஆயிற்று. ராஜஸ்தானில் 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் ஜனங்களைக் கூட்டி வைத்து மஸ்டர் ரோலை உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர்கள் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது அம்பலமாயிற்று. அந்தப் போராட்டத்தின் வழியில்தான் தகவல் உரிமைச் சட்டமும், கிராம சபையில் நடக்கும் சமூகத் தணிக்கையும் வந்தன. 2004ல் வந்த மத்திய சர்க்காரின் முதல் மசோதாவில், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்துக்கு மட்டுமே வேலை என்று இருந்தது. அந்த 26 ரூபாய்க் கோட்டின் அண்ணன்தான்! வெளியே உழைப்பாளி அமைப்புகளும், பார்லிமெண்டில் இடதுசாரிகளும் சண்டை போட்டுத்தான் அந்த வரியை அடித்தார்கள். கேட்கிற எந்தக் கிராமக் குடும்பத்துக்கும் வேலை என்று ஆயிற்று.

கேட்டுப் பதினைந்து நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும். பதினைந்து நாளுக்குள் கூலி வர வேண்டும். சட்டத்தில் இப்படி இருந்தது. நடந்தது என்ன? நாடு முழுவதற்கும் பார்த்தால் ஒரு குடும்பத்துக்குச் சராசரி சுமார் 50 நாள்தான் வேலை கிடைத்து வந்தது. (சராசரியைத் திட்டிவிட்டு நாமே சராசரி சொல்கிறோமே என்று கேட்காதீர்கள், சர்க்கார் கொடுக்கும் கணக்கு அதுதான்.) 2020–21ல் கொரோனா வந்து, நகரத்திலிருந்து நடந்தே ஊர் திரும்பியவர்களைக் காப்பாற்றியது இந்த வேலைதான். 61,500 கோடியாக இருந்த ஒதுக்கீட்டை 1 லட்சத்து 11 ஆயிரத்து 500 கோடியாக்க வேண்டி வந்தது. ஆபத்து விலகியதும் 2023–24 பட்ஜெட்டில் 60,000 கோடி. மேற்கு வங்கத்துக்கு 2022 மார்ச் முதல் பணமே நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டிலும் மாதக்கணக்கில் கூலி பாக்கி நின்றது. 2023 ஜனவரியிலிருந்து செல்போனில் தினம் இரண்டு தடவை போட்டோ எடுத்தால்தான் ஆஜர். சிக்னல் இல்லாத ஏரிக்கரையில் அரை நாள் மண் சுமந்தவளுக்கு ஆஜர் இல்லை!

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்குப் பாதிக் கூலி என்று வழக்கம் வைத்திருந்த ஊர்களில், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று வந்த வேலை இது. “அந்தக் கூலிக்கு வரமுடியாது” என்று பெரிய பண்ணையாரின் வாசலில் நின்று சொல்ல அவளுக்குத் தைரியம் கொடுத்தது. அன்றிலிருந்து, நூறு நாள் வேலையால் விவசாயத்துக்கு ஆள் கிடைப்பதில்லை, ஜனங்கள் சோம்பேறியாகிவிட்டார்கள் என்று ஒரு கூக்குரல் ஓயாமல் கேட்டுக் கொண்டே இருக்கிறது. சிறு விவசாயிக்குக் கூலி கொடுப்பது கஷ்டம் என்பதை நாம் மறுக்கவில்லை. விளைபொருளுக்குக் கட்டுபடியாகும் விலை கேட்டு அவனும் போராட வேண்டியிருக்கிறது. ஆனால் கூக்குரல் போடுகிறவர்கள் அவன் பெயரைச் சொல்லிக் கொள்ளும் பெரிய நிலக்காரர்கள்.

அந்தக் கூக்குரல் கடைசியில் டில்லிக்கு எட்டிவிட்டது. 2025 டிசம்பரில், 2005ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வைப்பதற்காகப் பார்லிமெண்ட் ஒரு புதிய சட்டத்தை நிறைவேற்றியது. பெயர் நீளமானது: விக்சித் பாரத் – கேரண்டி பார் ரோஜ்கார் அண்டு ஆஜீவிகா மிஷன், கிராமீண். காந்தியின் பெயர் போயிற்று. நூறு நாள் 125 நாள் ஆயிற்று என்று விளம்பரம் செய்கிறார்கள். நூறில் ஐம்பதைக் கொடுக்க மனமில்லாதவர்கள் நூற்றிருபத்தைந்து என்று காகிதத்தில் எழுதுவதற்கு என்ன செலவு?

புதிய சட்டத்தின் மற்ற வரிகளைப் பாருங்கள். விதைப்பும் அறுப்பும் நடக்கும் சமயத்தில் வருஷத்தில் 60 நாள் வரை இந்த வேலையை நிறுத்தி வைக்கலாம். யாருக்காக இந்த அறுபது நாள்? உழைப்புக்கு நல்ல விலை கேட்கக்கூடிய பருவத்தில் அவளுடைய மாற்று வழியை அடைத்து, பண்ணையார் வாசலுக்கே திருப்பி அனுப்புகிற அறுபது நாள் அது. பழைய சட்டத்தில் உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய சர்க்கார் கொடுக்க வேண்டும். புதியதில் நம்மைப் போன்ற மாநிலங்கள் செலவில் நூற்றுக்கு 40 பங்கைச் சுமக்க வேண்டும். எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று டில்லி முன்கூட்டியே நிர்ணயிக்கும். அதற்கு மேல் ஜனங்கள் வேலை கேட்டால் அந்தச் செலவு மாநிலத்தின் தலையில். கேட்டவருக்கெல்லாம் வேலை என்றிருந்தது, ஒதுக்கிய பணம் தீரும்வரை வேலை என்றாகிறது.

அடுத்த பதிப்புக் கைடில் இது ஒரு வரியாக வரும்: “125 நாள் – 2025.” வினாத்தாளிலும் வரும். பரீட்சை எழுதும் வாலிபர்கள் அதற்கு 125 என்றே விடை எழுதட்டும். மார்க்கை யாரும் இழக்க வேண்டாம். நமது படிப்பகங்களில் இருக்கும் கைடுகளின் ஓரத்தில், அந்த வரிக்குப் பக்கத்தில், 60 நாள் நிறுத்தம், 40 பங்குச் செலவு, முன்கூட்டிய ஒதுக்கீடு ஆகிய மூன்றையும் பேனாவால் எழுதி வையுங்கள். அடுத்த கிராம சபை கூடும் நாளில் அந்தக் கைடையே கையில் எடுத்துக் கொண்டு போங்கள். இந்த வருஷம் நமது ஊராட்சியில் எத்தனை குடும்பம் வேலை கேட்டது, எத்தனை நாள் கொடுத்தீர்கள், எவ்வளவு கூலி பாக்கி என்று எழுந்து கேளுங்கள். அம்மாவுக்கும் அக்காவுக்கும் வர வேண்டிய கூலியின் கணக்கு அது.